நாலாவது கால்

மூன்று மணிக்கு ஸ்கேன் டாக்டர் வருவார், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இப்போது மணி இரண்டேகால். சென்னியப்பன் பலகையைக் குப்புறப் போட்டு ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். மூடிப்போன பஞ்சாலையின் கூரையிலிருந்து இறக்கிய தேக்கு, எண்பது தொண்ணூறு வருஷத்து மரம், அதில் ஆணி அடித்தவன் யார் மேல் இருந்த கோபத்தில் அடித்தானோ தெரியவில்லை, சாணுக்கு நாலு அடித்திருந்தான். சிலது தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், ஆணிபிடுங்கியைக் கொடுத்து நெம்பினால் கத்திக்கொண்டே வந்துவிடும். சிலது தலை துருவேறி உதிர்ந்து உடம்பு மட்டும் மரத்துக்குள் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, காந்தத்தைத் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கையை இழுக்கும், அங்கே உளியால் சுற்றித் தோண்டி எடுக்க வேண்டும், விட்டுவிட்டால் இழைக்கிற மிஷினில் பிளேடு போய்விடும். ஐம்பத்தேழு வயதுத் தோள்பட்டை ஒவ்வொரு நெம்புக்கும் ஒரு தடவை கேட்டது, இன்னும் எத்தனை இருக்கிறது என்று. இருக்கிறது, இருக்கிறது, நீ பேசாமல் இரு. போனைப் பக்கத்திலேயே மரத்தூளின் மேல் வைத்திருந்தார். காலையில் அதில்தான் மனைவி தனபாக்கியம் கூப்பிட்டாள், மகள் சுகந்திக்கு ரத்தம் பட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், நானும் வந்துவிட்டேன், நீங்கள் வர வேண்டாம், ஆம்பிளைகளை உள்ளே விடமாட்டார்கள், கேட்டருகில் நின்று வாட்ச்மேனோடு சண்டை போடுவதற்குப் பட்டறையிலேயே இருங்கள் என்று. முப்பது வருஷமாக அவள் சொல்லி எதுவும் தப்பாகப் போனதில்லை, அதனால் இருந்துவிட்டார். எட்டாம் மாசம். எட்டாம் மாசத்தில் பிறந்தால் நிற்காது, ஏழில் பிறந்தாலும் நிற்கும் என்று யாரோ சொன்னது, யார், எப்போது, எதற்காக அதை இன்றைக்கு நினைக்க வேண்டும். அடுத்த ஆணி.

இந்தப் பட்டறை நடத்துகிற ரேவதி மேடத்துக்கு ஆணி போனாலும் ஆணி இருந்த ஓட்டை போகக் கூடாது. அதைச் சுற்றித் துரு ஊறிக் கறுத்திருக்கிற மரம் போகவே கூடாது, அதற்குத்தான் ஆட்கள் பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். வெடிப்பு, கீறல், கறையான் விட்ட கோடு, எல்லாம் வேண்டும். பழைய ஜன்னல் கதவு சாப்பாட்டு மேஜையாகும், மில் தள்ளுவண்டியின் இரும்புச் சக்கரம் டீப்பாய்க்குக் காலாகும், எந்த வீட்டிலோ திருடனுக்குப் பயந்து போட்ட பித்தளைத் தாழ்ப்பாளில் கோட்டு மாட்டுவார்கள். முதல் வருஷம் சென்னியப்பனுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க ஓட்டையை மறைக்கவும் வெடிப்பை அடைக்கவும் படித்த கை, இப்போது புது மரத்தைக் கொடுத்தால் சங்கிலியால் அடித்து, வினிகரில் ஆணி ஊறவைத்த தண்ணீரைப் பூசி, பழசாக்கித் தருகிறது. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும், குரைத்தார், நன்றாகவே குரைத்தார். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் சுகந்தி கல்யாணத்துக்கு, மேடத்திடம் கேட்டு இதே மில் உத்திரத்தில் ஒன்றை வாங்கிக் கட்டில் செய்தபோது அதையே தலைகீழாகச் செய்தார். பழசைப் புதுசாக்கினார். இழைத்தார், இழைத்தார், கறுப்பு போகும்வரை இழைத்தார், ஆணி ஓட்டைகளைத் தேக்குத் தூளும் பசையும் குழைத்து அடைத்தார், மெருகெண்ணெயும் பாலிஷும் ஏற்றினார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் அன்னூரில் நகைப்பட்டறை வைத்திருக்கிறவர்கள், தங்கத்தை உரசிப் பார்க்கத் தெரிந்தவர்கள், பழைய மரத்தில் சீர் கொடுத்துவிட்டான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. புது மரத்தில் இப்படி ஒரு தேக்கு இன்றைக்கு ஏழு மலை ஏறினாலும் கிடைக்காது என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நாலு கால்களில் ஒன்றில் மட்டும் மேல்முனையில் பெருவிரல் போகிற அளவுக்கு ஒரு போல்ட்டு ஓட்டை இருந்தது. அடைத்தால் தெரியும். அதுவும் தலைமாட்டுப் பக்கம், கட்டிலைப் பார்க்கிற எவனும் முதலில் பார்க்கிற இடம். நல்லவேளை, காலைத் திருப்பிவிட்டால் ஓட்டை கீழே போய்விடும், தரையோடு தரையாக, எவன் குனிந்து பார்க்கப்போகிறான். திருப்பினார். திருப்பும்போதே தெரியும், கீழே இருந்த முனை அடிமரம், அது மேலே போகக் கூடாது. தெரிந்தேதான் திருப்பினார்.

இது ஒன்றும் ரகசியமில்லை, உளி பிடித்த எல்லாருக்கும் தெரிந்தது. நிற்கிற மரம் எதுவானாலும் வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. கதவு நிலைக்கும் அப்படித்தான், தூணுக்கும் அப்படித்தான், கட்டில் காலுக்கும் அப்படித்தான். தலைகீழாக நின்ற மரம் அந்த வீட்டில் எதையும் நிற்க விடாது என்பார்கள். எதையும் என்றால் எதை. பணத்தையா, ஆட்களையா, பிள்ளையையா, அதைச் சொன்னவன் எவனும் பட்டியல் போட்டுக் கொடுத்ததில்லை. சென்னியப்பன் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை என்றுதான் தன்னைப் பற்றி நினைத்திருந்தார். கல்யாணமான ஒன்பதாம் மாசம் சுகந்திக்கு மூன்று மாசத்துக் கரு கலைந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றார்கள், அவரும் அப்படியே சொன்னார், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கால் கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்த வருஷம் ஐந்தாம் மாசத்தில் ஒன்று. அது ஆண் பிள்ளை, கையளவு இருந்தது என்று தனபாக்கியம் சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை, துக்கத்தில் சாப்பிடவில்லை என்று அவள் நினைத்தாள், துக்கத்தில் இல்லை, பயத்தில். உன் பிள்ளைக்கு நீயே செய்துவைத்தாய். யாரிடம் சொல்வது. தனபாக்கியத்திடம் சொன்னால் அவள் அந்த நிமிஷமே பஸ் ஏறிவிடுவாள், சம்பந்தி வீட்டில் தெரியும், பழைய மரம் என்பதும் சேர்ந்து தெரியும். அவராகவே அன்றிலிருந்து ஒரு வேலை செய்தார். இந்தப் பட்டறையிலிருந்து போகிற ஒவ்வொரு மேஜைக்கும், பெஞ்சுக்கும், ஸ்டூலுக்கும் காலை அடி நுனி பார்த்துத்தான் மாட்டினார். அறுத்த துண்டில் அடி எது நுனி எது என்று தெரியாவிட்டால் நடுவில் கயிறு கட்டித் தூக்கிப் பார்ப்பார், கனத்துச் சாய்கிற பக்கம் அடி. அதிலும் சந்தேகம் வந்தால் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். பெங்களூரில் எந்தெந்த ஓட்டலிலோ உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறவர்கள் வீட்டிலெல்லாம் பிள்ளை நிற்க வேண்டும் என்று சென்னியப்பன் பார்த்துப் பார்த்துச் செய்தார், பெற்ற மகள் வீட்டில் ஒரு கால் தலைகீழாக நின்றுகொண்டே இருந்தது.

"ணா, அந்தப் பெஞ்சு ரெடியாயிருச்சுங்களா? வண்டி நாலு மணிக்கு வந்துரும்" என்று ரேவதி மேடம் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும், நல்ல பெண், வேலைக்காரனை அண்ணா என்று கூப்பிடுகிறவள், மதியம் அவர் சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்டாள். ஆஸ்பத்திரி விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் போகச் சொல்லிவிடுவாள், போனால் கேட்டருகில் நிற்க வேண்டும். பெஞ்சைச் சுற்றி வந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் ஒரு வேலை வரும் என்று அவருக்குத் தெரியும். "இந்த ஒரு கால்ல போல்ட்டு ஓட்டை கீழ இருக்குது பாருங்ணா. வேஸ்ட்டாப் போகுது. காலைத் தலைகீழாத் திருப்பிருங்க. ஓட்டை மேல வந்தா அதுல ஒரு பித்தளை வளையம் தொங்கவிட்டுறலாம், சூப்பரா இருக்கும்." சென்னியப்பன் காந்தத்தைக் கீழே வைத்தார். இன்றைக்கா. நாலு வருஷத்தில் ஒரு நாளும் கேட்காதவள் இன்றைக்குக் கேட்கிறாளே. "அது வேண்டாங்க மேடம்" என்றார். "ஏனுங்ணா?" "நிக்காதுங்க." "நாலும் ஒரே உயரந்தானுங்களே, எப்படி நிக்காமப் போகும்?" என்ன சொல்வது. பெஞ்சு நிற்கும் மேடம், பெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. "அதைத் திருப்ப வேண்டாங்க, மேலயே அதே மாதிரி ஒரு ஓட்டை போட்டுத் தர்றனுங்க, எவனும் கண்டுபுடிக்க முடியாது" என்றார். அவள் சிரித்தாள், சரிங்ணா உங்க இஷ்டம் என்று போய்விட்டாள். அவர் டிரில்லை எடுத்தார். எண்பது வருஷத்துப் பழைய மரத்தில் ஒரு புது ஓட்டை போட்டு, கம்பியைக் காய்ச்சி உள்ளே விட்டுக் கருக்கி, துருத் தண்ணீரைச் சுற்றிலும் பூசி, அந்தப் புது ஓட்டையைப் பழைய ஓட்டையாக்கினார். பொய்யில் இதைவிடப் பெரிய பொய் உலகத்தில் எவனாவது சொல்லியிருப்பானா என்று ஒரு நிமிஷம் அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மணி மூன்றாகி ஐந்து நிமிஷம்.

டாக்டர் வந்திருப்பார். டாக்டர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தால் அவர்கள் டாக்டரா, மூன்றரைக்கு வருவார். ஒருவேளை வந்து பார்த்துவிட்டு, தனபாக்கியம் போனைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று நின்றுகொண்டிருக்கிறாளோ. போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. உப்புத்தாளை எடுத்துப் பெஞ்சின் விளிம்பைத் தேய்த்தார். மரம் கையில் மழுமழுவென்று வரவர மனசு எங்கேயோ வழுக்கிக்கொண்டு போயிற்று, சுகந்தி ஐந்து வயதில் சுருள் சுருளான மரச்சீவலைக் காதில் மாட்டிக்கொண்டு தோடு என்று காட்டினாள், அதே வயதில் டைபாய்டு வந்து கிடந்தாள், அன்றைக்கும் இப்படித்தான் யாரோ ஒரு டாக்டர் மூன்று மணிக்கு வருகிறேன் என்றார். அந்தக் கட்டில் செய்த உத்திரம் எண்பது வருஷமாகப் படுத்துக்கிடந்த மரம்தானே. படுத்த மரத்துக்கு ஏது அடி, ஏது நுனி. மில்லின் கூரையில் அது குறுக்கே கிடந்தது, கீழே ஆயிரம் பேர் வேலை செய்தார்கள், அவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் பிறந்தன. அப்படியென்றால் அது மறந்திருக்கும், மரத்துக்கு அவ்வளவு ஞாபகமா இருக்கப்போகிறது. இந்த வாதத்தை அவர் நூறு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார், நூறு தடவையும் கடைசியில், சரி, மறந்திருந்தால் நீ ஏன் கயிறு கட்டித் தூக்கிப் பார்க்கிறாய் என்று ஒரு குரல் கேட்கும். போய்ச் சரிசெய்துவிட வேண்டும். எத்தனையோ தடவை போகத்தான் செய்தார். போனால் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள், சம்பந்தியம்மாள் எதிரில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுவாள், சுகந்தி வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போவாள். பெண் கொடுத்த வீட்டில் அவள் படுக்கிற அறைக்குள் அப்பன்காரன் எப்படிப் போவான். கட்டில் ஆடுகிறதா என்று ஒரு தடவை கேட்டார், அதெல்லாம் ஆடலீங்க என்று மாப்பிள்ளை லோகநாதன் சொல்லிவிட்டான், அதோடு கதை முடிந்தது. ரெண்டு தடவை கரு போய்விட்டதால் இந்தத் தடவை வளைகாப்பை ஏழாம் மாசம் வேண்டாம், ஒன்பதில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள், வளையல் போட்டால்தானே பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்பதுவரை அவள் அந்தக் கட்டிலில்தான் படுத்தாக வேண்டும். நாளைக்குப் போவோம். அவமானம் வந்தால் வரட்டும். ஒரு ஜாக்கியைக் கொடுத்துக் கட்டிலைத் தூக்கி, ஆப்பைத் தட்டி, காலை உருவி, திருப்பி மாட்டினால் கால் மணி நேர வேலை. திருப்பினால் ஓட்டை மேலே வரும். வரட்டும். போன் அடித்தது. எடுத்தார். உங்கள் ரீசார்ஜ் நாளையுடன் முடிவடைகிறது என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். சென்னியப்பன் அவளை முழுசாகப் பேசவிட்டுக் கேட்டார், நடுவில் போனை வைக்கத் தெம்பில்லை. களைப்பாக இருந்தது. இன்றைய களைப்பில்லை இது, நாலு வருஷத்துக் களைப்பு, ஒரே இடத்தைத் தோண்டிக்கொண்டே இருந்த களைப்பு.

நாலு மணிக்குத்தான் தனபாக்கியம் கூப்பிட்டாள். "ஏனுங்க, கேக்குதுங்களா? பயப்படறாப்புல ஒண்ணுமில்லையாமா. கொழந்தைக்குத் துடிப்பு நல்லா இருக்குதாமா. நஞ்சுக்கொடி கீழாப்புல எறங்கியிருக்குதாம், அதுலதான் ரத்தம் பட்டிருக்குது. பெறக்கற வரைக்கும் படுத்தே இருக்கோணும், குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு." சென்னியப்பன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதுதான் பூசியிருந்த ஈரப் பாலிஷ் வேட்டியில் ஒட்டியது, ஒட்டட்டும். நஞ்சு. மரமில்லை, நஞ்சு. டாக்டரே சொல்லிவிட்டார். இருந்தாலும். இருந்தாலும் எதனால் இறங்கிற்று என்று டாக்டர் சொல்லவில்லையே. "சுகந்திகிட்டக் குடு" என்றார். போன் கை மாறுகிற சத்தம், யாரோ ஒரு நர்ஸ் யாரையோ திட்டுகிற சத்தம், பிறகு, "அப்பா, சாப்ட்டீங்களா?" அந்தக் கேள்வியில் அவருக்கு இனிமேல் தாங்காது என்று தெரிந்தது, சொல்லிவிட்டார். "கண்ணு, நான் ஒண்ணு சொல்றேன், உங்கம்மாகிட்ட இப்பச் சொல்லாத. உன்ற கட்டில்ல தலைமாட்டுப்பக்கம் ஒரு கால் தலைகீழா நிக்குது. ஓட்டைய மறைக்கறதுக்காக நான்தான் தெரிஞ்சே திருப்பிப் போட்டேன். அதனாலதானோ என்னவோ உனக்கு இப்புடியெல்லாம். நாளைக்கு வந்து மாத்திர்றேன். அதுவரைக்கும் அதுல படுக்காத சாமி."

அழப்போகிறாள் என்று பயந்தார். "எந்தக் கட்டிலுங்ப்பா?" என்றாள் சுகந்தி. "கல்யாணத்துக்குச் செஞ்சது கண்ணு." "அதுங்களா. அதுல அத்தைதானுங்ப்பா படுக்கறாங்க. இடுப்பு வலின்னு கல்யாணமான மறுமாசமே அவிங்க ரூமுக்கு எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. நல்ல கட்டிலுங்ப்பா, அதுல படுத்ததுக்கு அப்புறம் அவிங்களுக்கு வலியே இல்லையாமா, வர்றவீங்ககிட்டயெல்லாம் சொல்லுவாங்க." அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். சென்னியப்பனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கால் தலைகீழாக நின்றது, அதன் மேல் சம்பந்தியம்மாள் நாலு வருஷமாகச் சுகமாகத் தூங்கினாள். "அப்ப நீ?" என்றார். "நான் கீழதானுங். சமையல் ரூம்புல பாய் போட்டுக்குவேன், காலையில எந்திரிச்சுத் தண்ணி புடிக்கறதுக்கும் அதான் தோது. அவர் நகைப்பட்டறையிலயே படுத்துக்குவாரு." "இந்த எட்டு மாசமுமா?" "பழகிப்போச்சுங்ப்பா." "அந்த ரெண்டு தடவையும்?" அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" "தெரியுங். உங்ககிட்டச் சொன்னா, ஆசையாச் செஞ்ச கட்டிலு, மனசு உட்டுருவீங்கன்னு நாங்கதான் சொல்லல."

நாலு வருஷம். சென்னியப்பன் அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எத்தனை காப்பி குடித்திருப்பார். டம்ளரை வாங்க வந்தவளிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாத் தூங்குறியா கண்ணு என்று கேட்டிருக்கலாம். கட்டில் ஆடுகிறதா என்று மாப்பிள்ளையைத்தான் கேட்டார். எந்தத் துண்டில் அடி, எந்தத் துண்டில் நுனி என்று பார்க்கத் தெரிந்த மனுஷனுக்குப் பெற்ற பெண் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவது தெரியவில்லை. மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்தப் பழியையே கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், அது சுலபமாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், கடைசியில் தன் மேல்தான் வந்து நின்றது. "டாக்டர் படுத்தே இருக்கோணும்னாரே, எங்க கண்ணு படுப்பே?" என்று கேட்டார். மறுபடியும் சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாமையை இந்தத் தடவை அவர் ஒழுங்காகக் கேட்டார்.

"எப்ப உடறாங்க?"

"நாளைக்குக் காலையிலைங்."

"நான் கார் புடிச்சுட்டு வர்றேன். ஆஸ்பத்திரியிலருந்து நேரா நம்மூட்டுக்கு வந்துரு."

"அப்பா, இன்னும் வளையல் போடலீங்களே. போடாம எப்புடி வர்றது? அப்புறம் அந்தக் கட்டிலு..."

"அது அங்கயே கெடக்கட்டும். நீ மட்டும் வா."

"அத்தை கேட்டா என்னங்ப்பா சொல்றது?"

வெளியே வண்டி வந்து ஆரன் அடித்தது. ரேவதி மேடம் அண்ணா அண்ணா என்று எங்கிருந்தோ கூப்பிட்டாள். சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. "எங்கப்பன் கூப்புட்டான், போறேன்னு சொல்லு" என்றார்.